வேரும் நிலமும்: கே. எஸ். மணியத்தின் நாவலைக் குறித்துச் சில கருத்துகள்

நமது மேடைகளில் 'வேர்' என்னும் சொல் ஓயாமல் வழங்கி வருகிறது. பொங்கல் விழாவாயினும் பள்ளி ஆண்டு விழாவாயினும், பேச ஏறியவர் எவராயினும், வேரை மறவாதீர் என்று நமக்குக் கூறாமல் இறங்குவதில்லை. அவ்வாறு கூறுவோரைக் குறை சொல்வது நமது நோக்கமன்று. ஆனால் அந்த வேர் எங்கே இருக்கிறது, எதில் ஊன்ற வேண்டும், ஊன்றுதற்கு ஒரு சாண் இடமும் தன் பெயரில் இல்லாதவன் அதை எங்கே வைத்துக் காப்பாற்றுவான் என்று கேட்டோமானால், கைதட்டல் நின்று விடுகிறதேயன்றி விடை வருவதில்லை. இக்கேள்விகளை ஒரு கதையாகவே எழுதி 1981-இல் வெளியிட்டவர் கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்த திரு. கே. எஸ். மணியம். நாவலின் பெயர் 'தி ரிட்டர்ன்'. திரும்புதல் என்று பொருள். எழுதப்பட்ட மொழியோ ஆங்கிலம். நம் இனத்தாரின் கதை, நம் மொழியல்லாத மொழியில் எழுதப்பட்டது என்ற காரணத்தால், அதனை நம்மவர் பலர் கையிலும் எடுத்துப் பார்த்ததில்லை. அந்தக் குறையைச் சிறிதேனும் நீக்கலாமென்றே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பீடோங் வடக்கே உள்ள ஊராயிற்றே, அதற்கும் நெகிரி செம்பிலானில் உள்ள நமக்கும் என்ன சம்பந்தம் என்று பகாவ் வாசகர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. கெமாஸிலிருந்து பகாவுக்கு 1910-இல் ரயில் வந்தது. அந்தக் காலத்திலே இவ்வட்டாரத்தில் காடு போய்ப் பால்மரம் நின்றது. பின்னொரு காலத்தில் பால்மரம் போய்ச் செம்பனை நின்றது. இரண்டு முறையும் மண்ணைத் திருத்தியவர்களுள் நம்மவர் முன்னணியில் இருந்தனர். கெடிஸ், ஜெராம் பாடாங் முதலிய தோட்டங்களில் பாட்டன், தகப்பன், மகன் என்று தலைமுறைகள் பிரட்டுக்கு நின்றிருக்கின்றன. ஆனால் அவர்கள் குடியிருந்த லயத்து வீடு என்றைக்கும் வேலையின் வால் போலவே இருந்தது. பெயர் பதிவேட்டில் உள்ளவரை வீடு உண்டு. பெயர் நீங்கினால் பானை சட்டி வாசலுக்கு வரும். அவர்கள் பெற்ற பிள்ளைகளின் தொப்புள்கொடி அந்த மண்ணிலேதான் புதைக்கப்பட்டது என்பதை எந்தத் தோட்டத்துக் கணக்குப் புத்தகமும் எழுதி வைத்ததில்லை. மணியத்தின் நாவல் இந்த ஒரே விஷயத்தைப் பற்றியது என்று சொல்லிவிடலாம்.

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சிறிது. சுப்பிரமணியம் என்பதன் சுருக்கமாகிய மணியம் என்ற பெயரால் எழுதிய இவர் 1942-இல் பிறந்தவர். தமிழ்ப் பள்ளியில் ஏறத்தாழ ஓராண்டு பயின்ற பிறகு ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றப்பட்டார். மலாயா அரசினரால் ஆசிரியர் பயிற்சிக்காக இங்கிலாந்திலுள்ள வுல்வர்ஹாம்ப்டனுக்கு அனுப்பப்பட்டு, 1960-களின் நடுவில் திரும்பி வந்து கெடாவில் ஆசிரியப் பணி செய்தார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்கேயே ஆங்கில இலக்கியம் கற்பித்து 1997-இல் ஓய்வு பெற்றார். 2020 பிப்ரவரியில் காலமானார். நாவலில் வரும் ரவி என்ற சிறுவனின் வாழ்க்கை ஆசிரியருடைய வாழ்க்கையைப் பெரிதும் ஒட்டிச் செல்கிறது. ஆயினும் இதைச் சுயசரிதை என்று கொள்வது சரியன்று. தன் வாழ்வைச் சொல்ல வந்தவன் தன்னையே நடுவில் வைத்துக்கொள்வது இயல்பு. இவரோ தம் பாட்டியையும் தகப்பனையும் நடுவில் நிறுத்திவிட்டுத் தாம் ஓரத்தில் நிற்கிறார்.

அந்தப் பாட்டியின் பெயர் பெரியதாய். மூன்று ஆண் பிள்ளைகளோடும் சில மூட்டைகளோடும் இந்நாட்டுக்கு வந்து சேர்கிறாள். கணவன் துணையில்லை, கைப்பணம் இல்லை. துணி விற்கிறாள், பலகாரம் சுட்டு விற்கிறாள், பிள்ளைகளை ஆளாக்குகிறாள். கொண்டு வந்த பெட்டிக்குள் ஒரு நடராசர் சிலையும் பழைய பாத்திரங்களும் உள்ளன. வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றி அச்சிலையின் முன் அமர்கிறாள். வேர், பண்பாடு என்று மேடையில் முழங்குவோர் இவ்விடத்தை மட்டும் படித்தால் மகிழ்ந்து போவார்கள். பகுத்தறிவு பேசுவோர் இவ்விடத்தை மட்டும் படித்தால் முகஞ் சுளிப்பார்கள். இரு சாராரும் அவசரப்படுகின்றனர் என்பதே நமது கருத்து. ஏனெனில் பெரியதாயின் மனம் உண்மையில் பற்றியிருப்பது அந்தச் சிலையின் மேலன்று, அவள் எழுப்பிய வீட்டின் மேல். தான் விட்டு வந்த ஊரின் சாயல் அதில் இருக்கவேண்டுமென்று, மரத்தில் சித்திர வேலை செய்வித்து, அந்த வீட்டை அவள் கட்டுகிறாள். ஒரு நாள் அதிகாரம் வந்து நிலம் உன்னுடையதன்று என்கிறது. எத்தனையோ ஆண்டு குடியிருந்தேன், என் கைக்காசு போட்டுக் கட்டினேன் என்பதெல்லாம் எடுபடவில்லை. அவளிடம் காகிதம் இல்லை. நோயும் சேர்ந்துகொள்கிறது. 1958-இல் அவள் இறப்பதாக நாவல் கூறுகிறது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு அது! அந்த ஆண்டைச் சொல்லிவிட்டு ஆசிரியர் மேற்கொண்டு விளக்கம் ஒன்றும் கூறாமல் செல்கிறார். விளக்கியிருந்தால் அது பிரசங்கமாகியிருக்கும்.

நெகிரி செம்பிலானில் இருந்துகொண்டு இப்பகுதியைப் படிப்போருக்கு வேறொரு நினைவும் வராமற் போகாது. இம்மாநிலத்து மலாய் மக்களின் முன்னோர் பலர் சுமத்திராவின் மினாங்கபாவ் பகுதியிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியவர்கள். அவர்கள் கொண்டு வந்த அடாட் பெர்பாத்தே என்னும் வழக்கப்படி, குடும்பத்தின் பரம்பரை நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்கே செல்லும். பிரிட்டிஷார் ஆட்சியில் 1909-ஆம் ஆண்டு இவ்வழக்கத்துக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைத்தது. கடல் கடந்து வந்த ஒரு கூட்டத்தார் தம் வழக்கத்தை நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்ற முடிந்ததற்குக் காரணம், அவர்களுடைய பக்தி நம்முடைய பக்தியைவிட மிகுந்தது என்பதா? அன்று. அவ்வழக்கம் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. பெண்ணின் பெயரில் நிலம் இருந்தது. அந்நிலத்தின் மேல் அவள் வீடு நின்றது. அதே மாநிலத்தில், ஒரு சடக்குக்கு இப்பால், தோட்டத்தில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்ணுக்கு அடுப்பெரித்த மூலைகூடச் சொந்தமில்லை. பெரியதாய் பீடோங்கில் வாழ்ந்தவளாயினும், அவளுடைய வழக்கு என்ன என்பதைப் பகாவில் இருப்பவர்தாம் நன்றாய் உணர முடியும். அண்டை வீட்டார் பெற்றிருப்பதைக் கண்டு பொறாமைப்படச் சொல்லவில்லை நாம். பண்பாடு எதனால் நிலைக்கிறது என்ற கேள்விக்கு விடை நம் வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது என்பதைத்தான் சுட்டுகிறோம்.

நாவலின் நடுப்பகுதி பள்ளிக்கூடத்தைப் பற்றியது. ரவி தமிழ்ப் பள்ளியை விட்டு ஆங்கிலப் பள்ளிக்குப் போகிறான். அங்கே நான்சி என்ற ஆசிரியை. அவள் கற்பிக்கும் பாட்டிலும் படத்திலும் வருகின்ற வீடு, தோட்டம், பனி, சிறுவர் யாவும் பிள்ளைகள் கண்டறியாதவை. கண்டறியாததைப் பார்த்து ஏங்கவும், கண்டதைப் பார்த்து வெட்கப்படவும் அப்பிள்ளைகள் ஒரே வகுப்பில் கற்றுக்கொள்கிறார்கள். இதைப் படிக்கையில் அந்த ஆசிரியையின் மேல் சினம் கொள்வது சுலபம். ஆனால் ஆசிரியர் நம்மை அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. அந்தப் பள்ளியில் அவன் கற்ற மொழிதான் அவனை ஆஸ்பத்திரி வளாகத்திலிருந்து வெளியே தூக்கியது. வேறு ஏணி ஏதேனும் அவனுக்கு இருந்ததா? நம் பட்டணத்து வாசகர்களிற் பலர் தம் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று இன்றும் இரவில் கணவனும் மனைவியுமாய்த் தர்க்கித்துக் கொண்டிருக்கிறார்கள். 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்குச் சற்று மேற்பட்டவையே உள்ளன. தோட்டங்கள் குலைந்ததால் மூடப்பட்டவை பல. பெற்றோர் மனம் குலைந்ததால் மெலிந்தவையும் உண்டு. ரவியைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்த தகப்பன் தமிழை வெறுத்தவன் அல்லன் என்பதை இத்தர்க்கத்தில் ஈடுபடும் இரு கட்சியாரும் நினைவில் வைத்தல் நலம்.

ஆஸ்பத்திரி வளாகத்தைப் பற்றி நாவல் எழுதியிருப்பதுதான் நம் பத்திரிகையின் வாசகர்கள் மிகவும் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி. நம்மவர் எழுதும் தோட்டத்துக் கதைகளில் கொடியவன் பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரையாகவோ, அவனுடைய ஆளாகிய கங்காணியாகவோ இருப்பான். அகிலன் இந்நாட்டுக்கு வந்து பார்த்துச் சென்று எழுதிய 'பால்மரக் காட்டினிலே' முதற்கொண்டு, ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' வரை நம் நாவல்களில் துன்பம் வெளியிலிருந்து வந்து இறங்குகிறது. சயாம் பாதையின் வரலாறு அத்தகையதே. அதில் நாம் குறை காண முடியாது. மணியமோ வேலிக்கு உள்ளே பார்க்கிறார். அங்கே நம்மவருக்கு மேல் நம்மவர் அடுக்கடுக்காக அமர்ந்திருக்கின்றனர். யார் எந்த வரிசை வீட்டில் இருப்பது, யார் பிள்ளை யார் பிள்ளையோடு விளையாடுவது, பண்டிகையன்று யார் வாசலில் யார் போய்க் கைகட்டி நிற்பது என்பனவெல்லாம் எழுதாத சட்டங்களாக இருக்கின்றன. ரவியின் தகப்பன் அங்கே சலவைத் தொழிலாளி. ஊரில் சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட தொழில், கடல் கடந்து வந்தபின் சம்பளப் புத்தகத்தின் பெயரால் சுமத்தப்படுகிறது. கடல் சாதியைக் கழுவிவிடும் என்று சிலர் பேசி வந்தனர். சாதி கப்பலில் சீட்டு வாங்காமலேயே ஏறி வந்துவிட்டது என்பதை இந்நாவல் எவ்வித முழக்கமுமின்றிக் காட்டுகிறது. துரை ஒழிந்த பிறகும் நம்மிடையே மிச்சமிருப்பது எது என்று கேட்போர் இப்பகுதியை இருமுறை படிக்க வேண்டும்.

தகப்பனை ரவி 'நைனா' என்று அழைக்கிறான். இச்சொல் தெலுங்கிலிருந்து வந்தது. சென்னைப் பக்கத்துத் தமிழர் நாவிலும் புழங்குவது. தூய வேர் தேடி அலைவோர் தம் வீட்டில் தகப்பனை அழைக்கும் சொல்லையே கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் போதும், எத்தனை ஊர் மண் அதில் ஒட்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். நிற்க.

நைனாவே இந்நாவலின் உயிர். மகன் இங்கிலாந்து சென்று திரும்பி ஆசிரியனாகிறான். கால்சட்டையும் மாதச் சம்பளமும் வந்து சேர்கின்றன. தகப்பனோ வயதான காலத்தில், தன் தாய் தொடங்கி முடியாமற் போன வேலையை மறுபடி தொடங்குகிறார். ஆற்றோரத்தில், பத்திரமில்லாத நிலத்தில், செடி வைத்து வீடு எழுப்புகிறார். எவர் சொல்லியும் அவ்விடத்தை விட்டு அசைவதில்லை. நாளாக ஆக அவருடைய பேச்சு மாறுகிறது. பல மொழிச் சொற்கள் கலந்து மந்திரம் போல் வருகிறது. களிமண்ணால் உருவங்கள் செய்கிறார். தெய்வம் தன்னோடு பேசுவதாக எண்ணுகிறார். ஊரார் பைத்தியம் என்கிறார்கள். இறுதியில் அந்த வீடு தீயில் எரிகிறது. அவரும் அதிலேயே மாள்கிறார்.

இம்முடிவைக் குறித்து இரண்டு விதமாகப் பேசக் கேட்டிருக்கிறோம். பக்தர்கள் இதை ஒரு தியாகம் என்கிறார்கள். மண்ணோடும் தெய்வத்தோடும் கலந்துவிட்டார் என்கிறார்கள். இது கேட்க நன்றாயிருக்கலாம். நாவலில் உள்ளது இதுவன்று. கலந்தவர் சாம்பலானார்; நிலம் சர்க்காரிடமே இருந்தது. மற்றொரு சாரார், மூடநம்பிக்கை ஒரு மனிதனை எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு என்கிறார்கள். நாம் மூடநம்பிக்கைக்குப் பரிந்து பேசுவோம் என்று எவரும் எதிர்பார்க்க மாட்டார்கள். ஆயினும் இவ்விடத்தில் அத்தீர்ப்பு குறையுடையது. நைனா தெய்வத்திடம் போனதனால் நிலத்தை இழக்கவில்லை. நிலம் கிடைக்கும் வழி எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாததனால் தெய்வத்திடம் போனார். விண்ணப்பத்தை வாங்கிப் படிக்க ஒருவன் இருந்திருந்தால், காத்திரு என்று சொல்லி ஒரு சீட்டைக் கொடுக்க ஒரு காரியாலயம் இருந்திருந்தால், களிமண் உருவங்களுக்கு அங்கே வேலை இருந்திருக்குமோ என்பது சந்தேகமே. பகுத்தறிவு பேசுகிறவர்கள் உருவங்களை உடைப்பதோடு நின்றுவிடாமல், பத்திரம் எழுதும் இடம் வரை அந்த மனிதனோடு கூடச் செல்லக் கடமைப்பட்டவர்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுச் சென்றபோது, பல்லாயிரவர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். அச்சமயம் 1960-இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டந் தோட்டமாய்ச் சென்று தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டினார். மறு ஆண்டே அச்சங்கம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை விலைக்கு வாங்கிற்று. அதாவது, பெரியதாய் இறந்து மூன்றே ஆண்டுகளில், அதே மாநிலத்தில், பால்வெட்டுத் தொழிலாளர் காசு சேர்த்து ஒரு தோட்டத்துக்கே உடைமையாளராயினர்! அச்சங்கம் பின்னாளில் எவ்வாறு நடந்தது, பங்குதாரருக்கு எவ்வளவு பயன்பட்டது என்பவை வேறு விவாதங்கள். நாம் கேட்பது, நாவலில் இந்த முயற்சியின் நிழல்கூட ஏன் விழவில்லை என்பதே. நைனா தனியாகவே வேலி கட்டுகிறார், தனியாகவே வாதாடுகிறார், தனியாகவே எரிகிறார். அண்டையில் ஒரு தொழிற்சங்கக்காரனோ, கூட்டுறவுச் சங்கத்துக்குப் பணம் கட்டிய ஒரு கூலியோ எதிர்ப்படுவதில்லை. விடாமுயற்சியைத் தனி மனிதனின் குணமாகவே ஆசிரியர் காண்கிறார். பத்துப் பேர் சேர்ந்து முயல்வதும் முயற்சிதான் என்பது அவர் பார்வையில் படவில்லை. இதனை இந்நாவலின் முதற்குறையாகக் கூறுவோம்.

இரண்டாவது குறையும் உண்டு. தோட்டத்தை அறிந்த வாசகர் இதில் தேடும் பல காட்சிகள் கிடைக்கமாட்டா. இருட்டில் எழுந்து தலைவிளக்கு மாட்டிக்கொண்டு நிரைக்குப் போவது, மழையில் பால் கெட்டுப் போவது, ஒட்டுப்பாலை எடை போடும்போது கிராணியார் கண்ணை எங்கே வைப்பார் என்பது முதலியவற்றுக்கு நாவலில் சிறப்பிடம் இல்லை. பட்டணத்துத் தெருவும் ஆஸ்பத்திரி வளாகமுமே அதன் களங்கள். ரப்பர்க் காட்டின் உடல் உழைப்பை அறிய விரும்புவோர் அ. ரெங்கசாமி முதலிய நம் தமிழ் நாவலாசிரியர்களிடம்தான் போகவேண்டும். ரவியின் நெஞ்சிலும் ஒருவகைக் குளிர்ச்சி இருக்கிறது. தகப்பன் ஆற்றங்கரையில் மண் சுமக்கையில் மகன் கவனித்துக்கொண்டு நிற்கிறான். ஒரு கை கொடுத்தாலென்ன என்று நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் இக்குளிர்ச்சியை ஆசிரியர் அறியாமல் விட்டிருக்கிறார் என்று நாம் கருதவில்லை. படித்த மகன் தகப்பனைப் பார்க்கும் பார்வை அப்படித்தான் இருந்தது என்பதை அவர் மறைக்க விரும்பவில்லை. பட்டணத்து வாசகர்களே, நம்மில் யார் அந்தப் பார்வையைப் பார்த்ததில்லை?

இனி மொழியைப் பற்றி. இவர் தமிழில் எழுதியிருக்கலாகாதா என்று கேட்பவர் உண்டு. ஓராண்டுத் தமிழ்ப் படிப்பைக் கொண்டு நாவல் எழுத முடியாது என்பது ஒரு விடை. அதைவிட முக்கியமான விடை வேறு. ஆங்கிலத்தை ஏணியாகக் கொண்டு ஏறிய அந்தத் தலைமுறை மேலே போய்ச் சேர்ந்தபோது, ஏணி சாய்த்திருந்த சுவர் மாறிவிட்டது. 1967-இல் தேசிய மொழிச் சட்டம் வந்தது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்ப் பள்ளிகளாயின. 1971-இல் தேசியப் பண்பாட்டுக் கொள்கை வகுக்கப்பட்டது. அதன் பின்னர் மலாயில் எழுதப்பட்டது தேசிய இலக்கியம் என்றும், தமிழிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டவை ஒரு பிரிவாரின் இலக்கியம் என்றும் வகைப்படுத்தும் வழக்கம் ஊன்றிற்று. மலாய் மொழி நாட்டின் மொழியாக உயர்ந்தது நியாயமே. அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் மணியத்தின் நிலையைப் பாருங்கள். தமிழர் அவரை ஆங்கில எழுத்தாளர் என்று ஒதுக்கினர். நாட்டின் இலக்கியப் பட்டியல் அவரை ஒரு பிரிவார் எழுத்தாளர் என்று ஒதுக்கிற்று. பெரியதாய் வீட்டுக்குப் பத்திரம் இல்லாதது போலவே, பேரன் எழுதிய புத்தகத்துக்கும் பத்திரம் இல்லாமற் போயிற்று.

இத்தகைய நிலையில் மற்றொருவர் பேனாவை வைத்துவிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்திருப்பார். இவர் அவ்வாறு செய்யவில்லை. 1993-இல் 'இன் எ ஃபார் கன்ட்ரி' என்ற இரண்டாவது நாவல். 2003-இல் 'பிட்வீன் லைவ்ஸ்' என்ற மூன்றாவது நாவல். இடையிடையே சிறுகதைகளும் நாடகங்களும். இருபத்திரண்டு ஆண்டுகளில் மூன்று நாவல்கள். மூன்றிலும் விடாது தொடர்ந்து வருவது நிலம் என்ற அதே கேள்வி. இரண்டாவது நாவல் நமக்கு அவ்வளவாக நிறைவு தரவில்லை. அதில் கனவும் தத்துவமும் மிகுந்து, மனிதர்கள் புகைமூட்டத்தில் நிற்பவர்போல் தோன்றுகிறார்கள். மூன்றாவது நாவலில் மீண்டும் ஒரு கிழவி வருகிறாள். செல்லம்மா என்பது அவள் பெயர். தன் துண்டு நிலத்தை விட்டு நகர மறுக்கிறாள். அவளைச் சமாதானம் பேசி அப்புறப்படுத்தும்படி அனுப்பப்படுகிற உத்தியோகஸ்தி சுமித்திராவும் ஒரு தமிழ்ப் பெண்தான். பேசப் போனவள் கேட்கத் தொடங்குகிறாள். கேட்கக் கேட்க அவளுடைய உத்தியோகம் மெல்லக் கழன்று விழுகிறது. முதல் நாவலில் தகப்பனுக்குக் கை கொடுக்காமல் நின்ற மகனைக் கண்டோம். அந்த இடத்தில் இப்போது ஒரு மகள் போன்றவள் வந்து கிழவியின் பக்கத்தில் அமர்கிறாள். இருபத்திரண்டு ஆண்டு ஒரே விஷயத்தைச் சிந்தித்த ஆசிரியர் ஒருவர் தம் முதற்புத்தகத்துக்குத் தாமே எழுதிய பதில் இது என்று நாம் கொள்கிறோம். சொன்னதையே சொல்கிறார் என்று இவரைக் குறை கூறியவர்கள் இந்த மாற்றத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பகாவைச் சுற்றிலும் உள்ளவர்களுக்கு இந்தச் செல்லம்மா புதியவள் அல்லள். 1956-இல் அமைக்கப்பட்ட பெல்டா நிறுவனம் பின்னாளில் இம்மாவட்டத்திலேயே பாலோங், செர்த்திங் முதலிய இடங்களில் காடழித்துக் குடியேற்றத் திட்டங்களை நிறுவிற்று. அங்கே குடியேறியவர்களிற் பெரும்பாலோர் மலாய்க் குடும்பத்தினர். உழைத்து, கடன் தீர்த்து, நிலத்துக்கு உரியவராகும் வழி அவர்களுக்கு வகுக்கப்பட்டிருந்தது. ஏழைக் குடியானவனுக்கு அவ்வழி வகுக்கப்பட்டது நல்ல காரியமே. அதே செம்பனையை, அதே வெயிலில், வேலிக்கு இப்பால் தோட்டத்தில் அறுத்த நம்மவருக்கு அத்தகைய வழி இருக்கவில்லை. ஓய்வு வயது வந்ததும் மகன் வீட்டையோ பட்டணத்து மலிவு வீட்டையோ தேடிப் போனார்கள். போகும்போது கோயிலிலிருந்த சாமியைப் பெயர்த்து எடுத்துச் சென்றவர்கள் உண்டு. முருங்கை மரத்தைப் பெயர்க்க முடியாமல் அதன் கிளையை ஒடித்துச் சென்றவர்கள் உண்டு. இவற்றில் எது பண்பாடு என்று நம் மேடைப் பேச்சாளர் பட்டியலிட முடியுமா என்பது நமக்குத் தெரியாது. மணியம் இரண்டையும் எழுதக்கூடியவர். கிளையைப் பற்றி இன்னும் சற்று நன்றாக எழுதுவார்.

இந்நாவலை நம் தோட்டத்துப் படிப்பகங்களிலும் இளைஞர் மன்றங்களிலும் படித்துப் பேசவேண்டும். ஆங்கிலம் அறிந்த ஒருவர் படித்துப் பொருள் சொல்ல, மற்றவர் கேட்டுத் தர்க்கிக்கலாம். முன்னாளில் பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்க லயமே கூடிக் கேட்ட வழக்கம் நமக்கு அந்நியமானதன்று. அவ்வாறு படிக்கும்போது கிழவர்கள் குறுக்கிடுவார்கள்; அப்படியில்லை, எங்கள் தோட்டத்தில் இப்படி நடந்தது என்பார்கள். அந்தக் குறுக்கீடுகளை எழுதிக்கொள்ள ஒரு பையனை அருகில் உட்கார்த்தி வைத்தால், மணியம் எழுதாமல் விட்ட நிரையும் ஒட்டுப்பாலும் அதிலே வந்து சேரும்.

நாவலின் கடைசிப் பக்கத்தில் ஒரு கவிதை இருக்கிறது. தீயில் மாண்ட நைனாவுக்கு அது காணிக்கையாக்கப்பட்டுள்ளது. மண்ணோடு மல்லாடிய ஒருவனுக்கு இறுதியில் சொற்களும் துணை நிற்கவில்லை என்ற துயரம் அதில் தொனிக்கிறது. கவிதை ஆங்கிலத்தில் இருக்கிறது. சலவைத் துணியை இஸ்திரி போட்டு மகனைப் பள்ளிக்கு அனுப்பிய அந்தத் தகப்பன் உயிரோடிருந்து அப்பக்கத்தைக் கையில் வாங்கியிருந்தாலும், மகனிடமே திருப்பிக் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறாய், படித்துச் சொல் என்றுதான் கேட்டிருப்பார்.